மேட்டு வீட்டுக்குப் போன சப்பாத்து

எங்கள் மில் ஊர் வித்தன்டேலில் பஸ் கண்டக்டர்கள்கூட அதை ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டார்கள். "மேட்டு வீடு எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார்கள். யுத்தம் முடிந்து அரசாங்கம் நாட்டிலுள்ள ஆஸ்பத்திரிகளை எல்லாம் தன் கையில் எடுத்துக்கொண்டபோது 'வித்தன்டேல் பொது மருத்துவமனை' என்று புதுப் பலகை மாட்டினார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், ஜன்னல்களைப் பெரிதாக்கினார்கள், அறுவை சிகிச்சைக்கென்று புதுக் கட்டடம்கூட ஒட்டிக் கட்டினார்கள். என்ன செய்து என்ன? முன்பு ஏழை விடுதியாகக் கதியில்லாதவர்களை அடைத்து வைத்து, கல் உடைக்கவும் பழங்கயிறு பிரிக்கவும் விட்டுக் கஞ்சி ஊற்றிய இடம். புருஷன் ஒரு முற்றம், பெண்டாட்டி ஒரு முற்றம், பிள்ளைகள் ஒரு முற்றம். பள்ளத்தாக்கில் எங்கிருந்து தலையைத் தூக்கினாலும் அந்தக் கருங்கல் கட்டடம் கண்ணில் படும். மில்லில் மந்தம் வந்தால், "வா வா" என்று அது கூப்பிடுவதாக என் காலத்து ஆட்களுக்கே தோன்றியிருக்கிறது.

நெசவுக்காரி வின்னியின் புருஷன் க்ளிஃப் ஹோல்டன் அங்கேதான் பிறந்தான். அவனுடைய பிறப்புச் சான்றிதழில் 'எண் 1, டர்ஃப் சந்து' என்று நாகரிகமாக எழுதியிருக்கும். விடுதியின் பெயரைப் போட்டால் பிள்ளையின் பிழைப்பு கெடும் என்று அதிகாரிகளே இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடு. ஆனால் டர்ஃப் சந்தில் இரண்டாம் எண்ணே கிடையாது என்பது ஊருக்கே தெரியும். க்ளிஃப் அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிவான். "நம்ம மேனர் ஹவுஸ்ல பொறந்தேன், முப்பது ஏக்கர், வாசல்ல காவக்காரன்" என்பான். அவன் மாமனார் ஏஸா ஹார்க்ரீவ்ஸுக்கு மட்டும் அந்த வேடிக்கை பிடிக்காது. அந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார்.

அந்த ஏஸாதான் பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அடுப்பங்கரை நாற்காலியில் இரண்டாக மடிந்து உட்கார்ந்திருந்தார். ராத்திரி சாப்பிட்ட மாட்டுக்குடலும் வெங்காயமும் காலையில் அப்படியே வெளியே வந்துவிட்டன. அதற்குப் பிறகு தேத்தண்ணீர்கூட நிற்கவில்லை. முகம் மெழுகாய்ப் போயிருந்தது.

அவர் தறி மேஸ்திரியாக இருந்தவர். பாவு சுற்றிய இரும்பு உருளையைத் தோளில் தூக்கித் தறிக்குத் தறி கொண்டு போய் மாட்டுவது மேஸ்திரி வேலை. அந்தக் கனத்தில் குடல் இறங்காத மேஸ்திரி எங்கள் ஊரில் இல்லை. எல்லாரும் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வேலை பார்ப்பார்கள், ஓய்வு பெறுவார்கள், பட்டையோடேயே போய்ச் சேருவார்கள். ஏஸாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். இப்போது இறங்கிய குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது. டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்தார். "இன்னைக்கே அறுக்கணும். நாளைன்னா நான் வர வேண்டியதில்ல, பாதிரியார் வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் பண்ண மூலைக்கடைக்குப் போனார்.

"எங்க அறுக்கறாங்களாம்?" என்று ஏஸா கேட்டார்.

வின்னி துணி மடிப்பதுபோல் பாவனை செய்தாள். "ஆஸ்பத்திரிலதான்."

"எந்த ஆஸ்பத்திரில?"

"அப்பா..."

"கீழ ஆத்தோரம் இருக்கே, அதுலயா? அது நான் கட்டினது. வாராவாரம் சம்பளத்துல பிடிச்சிக் குடுத்தோம், ஒரு வாரம் விட்டதில்ல. ஈஸ்டருக்கு ஊரே கூடைகூடையா முட்டை கொண்டுபோய்க் குடுப்போம். அங்கன்னா சொல்லு, இப்பவே நடந்து போறேன்."

"அங்க இப்ப கண்ணும் பல்லும் மட்டுந்தாம்ப்பா பாக்கறாங்க. அறுக்கறதெல்லாம் மேல கொண்டுபோய் வருஷமாச்சு."

"அப்ப எனக்கு அறுக்க வேணாம்."

இவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொண்டார். வின்னி கெஞ்சினாள், திட்டினாள், அழுதும் பார்த்தாள். க்ளிஃப் தன் பங்குக்கு அருகில் வந்து குந்திக்கொண்டு, "மாமா, ஒரு தறி மேஸ்திரி மழையில போனானாம். புதுக் குடை நனைஞ்சிடப் போகுதுன்னு அதைக் கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டே போனானாம். நீ அந்த மேஸ்திரிக்கு அண்ணனா இருப்ப போல" என்றான். எங்கள் பக்கம் தறி மேஸ்திரி என்றாலே மண்டையில் ஒன்றுமில்லாதவன் என்று நெசவுக்காரிகள் கட்டிவிட்ட கதைகள் ஆயிரம். மற்ற நாளாயிருந்தால் ஏஸா பதிலுக்கு ஒன்று எடுத்து விட்டிருப்பார். இன்று கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

க்ளிஃப் ஆம்புலன்சுக்கு வழி காட்ட வெளியே போனான். அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். அப்போதுதான் ஏஸா வாயசைப்பில் பேசினார்.

தறிக்கூடத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இது புரியாது. ஆயிரம் தறி ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாரும் சத்தமே இல்லாமல் உதட்டையும் முகத்தையும் அசைத்துப் பேசுவார்கள். கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பவளோடு குடும்பச் சண்டையைப் பற்றி நிம்மதியாகப் பேசலாம். வீட்டிலும் வெட்கமான சங்கதி, வியாதி, வயிற்றுப் பிள்ளை என்றால் ஊர்ப் பெண்கள் தானாகவே குரலை நிறுத்திவிட்டு உதட்டுக்குப் போய்விடுவார்கள். ஏஸா ஆம்பிளை, ஆனாலும் முப்பது நெசவுக்காரிகளுக்கு நடுவில் காலம் தள்ளியவர். வின்னி பதினாலு வயதிலிருந்து தறியில் நிற்பவள்.

"ஒரு சத்தியம் பண்ணு" என்றது அவர் உதடு.

"சொல்லுங்க."

"என் சப்பாத்து என் கட்டிலுக்குக் கீழயே இருக்கணும். நான் கண்ணத் தொறந்தா தெரியணும். அதை யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாது."

வின்னி சுவரோரம் பார்த்தாள். அவருடைய கட்டைச் சப்பாத்து அங்கே கிடந்தது. மேலே மாட்டுத்தோல், அடியில் மரக்கட்டை, கட்டைக்கு அடியில் லாடம். ஊரில் இளசுகள் எல்லாம் ரப்பர் செருப்புக்கு மாறிவிட்டார்கள். இவர் மட்டும் சர்ச்சுக்கும் அதுதான், கடைக்கும் அதுதான்.

"இதென்னப்பா கேட்கற கேள்வி? உசுரு போகுதுங்கறாங்க, சப்பாத்தைப் பத்தி..."

"ஏன்னு கேக்காத. பண்றியா, இல்லையா?"

"பண்றேன். சத்தியம்."

அதற்குப் பிறகு குழந்தை மாதிரி கையைக் கொடுத்துவிட்டார். சப்பாத்தைக் காலில் மாட்டச் சொன்னார், ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோதும் அதைக் கழற்ற விடவில்லை. ஆம்புலன்ஸ் டர்ஃப் சந்தில் ஏறி இரும்பு கேட்டுக்குள் நுழைந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். வின்னியின் விரல்கள் நசுங்கிவிடும் போலிருந்தது.

மேலே எல்லாம் சீக்கிரமாக நடந்தது. யாரோ சட்டையை வெட்டினார்கள், யாரோ ஊசி போட்டார்கள், உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வின்னி தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருட்டிய பிறகு ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸ், சிஸ்டர் டக்வொர்த், ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். கஞ்சி போட்ட தொப்பி, உயரமான உடம்பு. அவளுடைய வார்டுத் தரையில் முகம் பார்க்கலாம் என்பார்கள். பார்க்கத்தான் முடியும், நடக்க முடியாது.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, மிசஸ் ஹோல்டன். ஒரு ஜாண் குடல் வெட்ட வேண்டியதாப் போச்சு. மூக்குல குழாய் விட்டிருக்கு, அது இருந்தாத்தான் பிழைப்பாரு. இந்தாங்க அவரு துணி."

பொட்டலத்தின் மேலே சப்பாத்தும் இருந்தது.

"சிஸ்டர், இது அவரு கட்டிலுக்குக் கீழ இருக்கட்டும்னு..."

"நோயாளி துணிமணி எல்லாம் வீட்டுக்குத்தான் போகணும். அதுதான் இப்ப விதி. முந்தி மாதிரி இங்க பிடுங்கி வச்சுக்கறதில்ல" என்று சிஸ்டர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "அதோட அதைப் பாருங்க, சேறு. ஒரு லாடம் வேற ஆடுது. அவரு விடியற வரைக்கும் கண்ணு முழிக்க மாட்டாரு. ஞாயித்துக்கிழமை பார்வை நேரத்துல கொண்டு வாங்களேன்."

வின்னி களைத்துப் போயிருந்தாள். சிஸ்டர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. மயக்கத்தில் கிடப்பவருக்குச் சப்பாத்து எதற்கு? ஞாயிறு வரைக்கும்தானே, க்ளிஃபிடம் கொடுத்து லாடத்தை அடித்துத் துடைத்து எடுத்து வந்தால் மனுஷன் சந்தோஷப்படுவார். அப்படித்தான் நினைத்தாள். சத்தியம் செய்த வாய் அந்த நேரத்தில் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

செய்த சத்தியம் விடியற்காலையில்தான் உறைத்தது. எழுந்து உட்கார்ந்தாள். க்ளிஃப் ராத்திரியே லாடத்தை அடித்து, கருப்பு மெழுகு போட்டு, சப்பாத்தை அடுப்போரம் வைத்திருந்தான். வெளியே கணுக்கால் அளவு பனி. பஸ் ஓடவில்லை. நேற்று நனைந்த அவளுடைய ஒரே ஜோடி ஷூ இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமைதானே பாக்க விடுவாங்க? எங்க கெளம்பிட்ட?" என்றான் க்ளிஃப்.

"கேட்ல குடுத்துட்டாவது வரேன். நான் சத்தியம் பண்ணிட்டேன் க்ளிஃப். முழிச்சுப் பாத்தா இல்லன்னா என்ன நெனப்பாரு?"

"எதைப் போட்டுக்கிட்டுப் போவ?"

வின்னி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு க்ளிஃபின் கம்பளிக் காலுறையை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு அப்பாவின் சப்பாத்துக்குள்ளேயே காலை விட்டாள்.

"பாத்தியா, கையும் காலியா இருக்கு, காலும் காயுது" என்றான் அவன். "மேஸ்திரி மகளுக்கு இவ்வளவு மூளை எங்கேர்ந்து வந்துச்சு?"

பனியில் கட்டைச் சப்பாத்தோடு ஏறுவது சுலபமில்லை. லாடத்துக்குள் பனி அப்பிக்கொண்டு பத்தடிக்கு ஒருதரம் பொய்க்கால் கட்டியது போல் ஆளைத் தூக்கிவிடும். சுவரில் உதைத்து உதைத்துத் தட்டிவிட்டு நடக்க வேண்டும். மில்லின் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. பாதிக்கு மேல் புகை இல்லாமல் நின்றன. அவள் தறியில் நிற்க ஆரம்பித்த காலத்தில் பதினேழு புகைந்தன. இப்போது மில்லைவிட மேட்டு வீட்டில்தான் சம்பளம் வாங்குகிறவர்கள் அதிகம். வார்டு பெருக்க, துணி வெளுக்க, சமைக்க என்று அவளோடு தறியில் நின்ற பாதிப் பேர் இங்கே வந்துவிட்டார்கள். அவர்களும் ஊருக்குள் "ஆஸ்பத்திரில வேலை" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். வீட்டுக்குள் வந்தால் அதே பழைய பெயர்தான்.

கேட்டில் காவலாளி, "இன்னைக்குப் பார்வை நேரம் இல்லம்மா. என்ன வேணும்?" என்றான்.

"எங்கப்பா சப்பாத்தைக் குடுக்கணும்."

அவன் அவளுடைய வெறுங்கையைப் பார்த்தான், பிறகு காலைப் பார்த்தான். "அதைக் கழட்டிக் குடுத்துட்டு நீ எப்படிப் போவ?"

அது வரைக்கும் அந்த யோசனை அவளுக்கு வரவில்லை. க்ளிஃபுக்கும் வரவில்லை. காவலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆண்கள் வார்டு கீழ்த்தளந்தான். அந்தப் பழைய முற்றத்துப் பக்கமா போனா ஜன்னல் வழியாத் தெரியும். நான் உன்னைப் பாக்கவே இல்ல, போ" என்றான்.

அந்த முற்றம் ஒரு காலத்தில் பையன்களுடையது. உயர்ந்த கம்பி வேலிக்கு அந்தப்புறம் பெண்கள் முற்றம், அதைத் தாண்டி சலவைக்கூடம். இப்போது வேலி இல்லை, வெட்டிய கம்பிகளின் அடிக்கட்டை மட்டும் பனிக்கு மேலே முளைத்திருந்தது. வின்னி அதைத் தாண்டி, தடக்குப் புடக்கென்று, வரிசையாக இருந்த பெரிய ஜன்னல்களை நோக்கி வந்தாள்.

மூன்றாவது ஜன்னலில் அப்பா இருந்தார்.

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக் குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்தார். இரண்டு நர்ஸ்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்க, சிஸ்டர் டக்வொர்த் எதிரே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஏஸா ஒருவரையும் பார்க்கவில்லை. அவர் கண் வெளியே இருந்தது. வின்னியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பயந்த முகத்தை அவள் அவரிடம் ஒருநாளும் பார்த்ததில்லை. அம்மா செத்த அன்றுகூட இல்லை.

வின்னி கண்ணாடிக்குக் கிட்டே வந்தாள். குளிர்காலத்துக்கென்று காகிதம் ஒட்டி அடைத்த ஜன்னல், திறக்காது. இவள் உதட்டை அசைத்தாள். "அப்பா, நான்தான்."

அவர் உதடு மெதுவாக அசைந்தது. "நான் செத்துட்டேனா, வின்னி?"

"என்னப்பா இது! நல்லா இருக்கீங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு."

"அப்ப என் சப்பாத்தை ஏன் வேற ஆள் போட்டிருக்கு?"

"என் ஷூ நனைஞ்சிருச்சுப்பா. உங்களுக்குத்தான் கொண்டு வந்தேன்."

நர்ஸ்கள் கையை விட்டுவிட்டார்கள். கிழவர் அடங்கிவிட்டார், ஜன்னலைப் பார்த்து என்னவோ மென்றுகொண்டிருக்கிறார், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வார்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிக்கு நடுவில் ஏஸா அறுபது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"நானும் எங்கம்மாவும் இங்க இருந்தோம். எனக்கு ஏழு வயசு. அப்பா செத்து, வாடகை குடுக்க வழியில்லாம வந்தோம். வந்ததும் சப்பாத்தையும் துணியையும் வாங்கிக்கிட்டாங்க. வெளிய போறப்ப குடுப்போம்னாங்க. என்னை இந்த முற்றத்துல விட்டாங்க. அம்மா வேலிக்கு அந்தப் பக்கம்."

வின்னி தன்னையறியாமல் திரும்பி வெட்டுப்பட்ட கம்பிகளைப் பார்த்தாள்.

"இங்க பாரு. வாயப் பாரு. பேசக் கூடாது நாங்க ரெண்டு பேரும். ஆனா அம்மா நெசவுக்காரி. வேலிக்கிட்ட வந்து உதட்டுல பேசுவா. 'சாப்பிட்டியாடா? அழாதடா. நம்ம சப்பாத்தைக் குடுத்ததும் போயிடலாம்டா'ன்னுவா. அப்படித்தான் நான் இந்தப் பேச்சே கத்துக்கிட்டேன். அப்புறம் கொஞ்ச நாள் வரல. யாரைக் கேட்டாலும் சொல்லல. ஒருநாள் சலவைக்கூடத்துக்கு ஒருத்தி கூடை தூக்கிட்டுப் போறா. காலப் பாத்தேன். எங்கம்மா சப்பாத்து. முனையில எங்கப்பா அடிச்ச பித்தளை ஆணி. 'அம்மா'ன்னு கத்திக்கிட்டே ஓடினேன். திரும்பினா, வேற மூஞ்சி."

அவள் காலைப் பார்த்தபடியே அவர் உதடு, "செத்தவங்களோடதை அடுத்தவங்களுக்குக் குடுத்துருவாங்க. அப்படித்தான் எனக்குத் தெரிஞ்சது" என்றது.

வின்னி கண்ணாடியில் கையை வைத்தாள். "எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா..." என்றவள் குனிந்தாள். சப்பாத்துகளைக் கழற்றினாள். காலுறையோடு பனியில் நின்றுகொண்டு இரண்டையும் தூக்கிக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். "உங்களோடதுப்பா. வேற யாருக்கும் இல்ல. பாருங்க. பாத்துக்கிட்டே இருங்க."

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. கால் மரத்துவிட்டது. பக்கத்தில் ஒரு கதவு திறந்து சிஸ்டர் டக்வொர்த்தின் குரல் வந்தது.

"மிசஸ் ஹோல்டன்! பைத்தியமா உங்களுக்கு? விரல் அழுகிப்போனா அதையும் இங்கதானே அறுக்கணும்? உள்ள வாங்க!"

"பார்வை நேரம் இல்லையே, சிஸ்டர்."

"பார்வை நேரத்தைப் பத்தி எனக்கே சொல்லித் தரீங்களா? வாங்கன்னா வாங்க."

வின்னி சொட்டச் சொட்ட அந்தப் பளபளத்த தரையில் நடந்து போனாள். சிஸ்டர் தானே ஒரு செய்தித்தாளை விரித்து, கட்டிலுக்கு அடியில் சப்பாத்துகளை வைத்தாள். ஏஸா சாய்ந்து எட்டிப் பார்த்தார். பிறகு தலையணையில் விழுந்து, "அந்தக் குழாயை மாட்டுங்க" என்றார் வாய்விட்டு. மாட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. குழாயினால்தான் என்று எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு நர்ஸ் வின்னிக்குச் சூடாகத் தேத்தண்ணீர் கொடுத்தாள், காலைத் துடைக்கத் துண்டு கொடுத்தாள். சிஸ்டர் போகும்போது கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் எதையோ எழுதிவிட்டுப் போனாள். பிறகு வின்னி எட்டிப் பார்த்தாள். 'சப்பாத்தை அகற்றக் கூடாது' என்று இருந்தது.

கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. நர்ஸ் ஆஸ்பத்திரித் துணிச்செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்து வைத்தாள். பனியில் அதைப் போட்டுக்கொண்டு கேட்வரைகூடப் போக முடியாது. வின்னி பரவாயில்லை என்று காலை நீட்டினாள்.

அப்பாவின் கை போர்வைக்கு வெளியே வந்து அவள் பாவாடையை இழுத்தது. மூக்கில் குழாயோடு, உதடு அசைந்தது.

"இதைப் போட்டுக்கிட்டுப் போ."

"எதை?"

அவர் கண் கட்டிலுக்கு அடியில் போய் வந்தது.

"வேணாம்ப்பா. நான் எப்படியாச்சும் போயிடுவேன். அது இங்கயே இருக்கட்டும்."

"நான்தான் உசுரோட இருக்கேன்ல? கழுத, போட்டுக்க. ஞாயித்துக்கிழமை திருப்பிக் கொண்டா." உதடு மறுபடி அசைந்தது. "சத்தமா நட. எனக்குக் கேக்கணும்."

வின்னி கட்டிலுக்கு அடியில் குனிந்து சப்பாத்துகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். முகத்தை நிமிர்த்த அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. தாழ்வாரம் முழுக்கக் கல் பாவியது, 'ஓசையில்லாமல் நடக்கவும்' என்று சுவரில் எழுதியிருந்தது. அவள் தறிக்கூடத்து வாசலில் விடியற்காலையில் நடப்பதுபோல் லாடம் அதிர அடித்து வைத்து நடந்தாள். தாழ்வாரக் கோடியில் நின்ற சிஸ்டர் டக்வொர்த் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டு கதவைப் பிடித்துத் திறந்துவிட்டாள். வின்னி படியில் இறங்கும் முன், பின்னால் வார்டில் இருக்கிறவருக்குக் கடைசியாக ஒருமுறை கேட்கட்டும் என்று, வலது காலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.